இரண்டு ரூட்டர், ஒரே நெட்வொர்க்: சுங்கை சிப்புட் வீடுகளுக்கான கேள்வி பதில்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் வீடுகளில் இணையத்தைப் பற்றி எழும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். முன்ஹாலில் வைஃபை பறக்கிறது. பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைக்கும் அதை ஒட்டிய அறைக்கும் வருவதில்லை. பிள்ளை டெலிமா என்ற பள்ளிப் பாட இணையத்தளத்தில் பாடம் செய்ய உட்காருவதோ அந்தப் பின்னறையில். அதே வீட்டு அலமாரியில் பழைய ரூட்டர் ஒன்று சும்மா கிடக்கும். அதை எடுத்துப் புதியதோடு சேர்த்து, வீடு முழுவதையும் ஒரே நெட்வொர்க் ஆக்கிவிடலாம். பல வீடுகளில் ஒரு கேபிள் வாங்கும் செலவோடு வேலை முடிந்துவிடும்.

தோட்டத்து லயத்தில் பெற்றோர் வீடு, பக்கத்து மனையில் தம்பி வீடு என்று இரண்டு வீடுகளை இணைக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதிலும் கீழே உண்டு. அதில் மின்னலைப் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

பழைய ரூட்டரைக் கேபிள் போட்டு இணைத்துவிட்டேன். இன்டர்நெட் வருகிறது. ஆனால் பின்னறையில் இருந்து பார்த்தால் ஹாலில் உள்ள பிரிண்டர் தெரியவே இல்லை. ஏன்?

கேபிளைப் பழைய ரூட்டரின் இன்டர்நெட் போர்ட்டில் சொருகியிருப்பீர்கள். ரூட்டரின் பின்பக்கத்தில் வரிசையாக மூன்றோ நான்கோ போர்ட் இருக்கும். அவை லேன் போர்ட். சற்றுத் தள்ளி, பெரும்பாலும் வேறு நிறத்தில், ஒன்று தனியாக நிற்கும். அதில் வேன் என்றோ இன்டர்நெட் என்றோ எழுதியிருக்கும். அந்தத் தனிப் போர்ட்டில் சொருகினால் பழைய ரூட்டர் தனக்கென்று இன்னொரு நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். முதல் ரூட்டரின் கண்ணுக்கு அது ஒற்றைக் கருவியாக மட்டும் தெரியும். அதன் பின்னால் இருக்கும் ஃபோனும் லேப்டாப்பும் தெரியாது.

உள்ளே இருந்து வெளியே போகும் போக்குவரத்துக்கு இதனால் தடை இல்லை. அதனால்தான் யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் போகிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் ஃபோன் ஒரு பிரிண்டரைத் தேடும் விதம் வேறு. "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கும் ஓர் அழைப்பை அது அனுப்புகிறது. அந்த அழைப்பு ரூட்டரின் இன்டர்நெட் போர்ட்டைத் தாண்டாது. டிவியில் படம் போடுவது, கணினிகளுக்குள் ஃபைல் பகிர்வது, கேமரா ரெக்கார்டரை வீட்டுக்குள் இருந்து பார்ப்பது எல்லாம் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

அப்படியென்றால் 'ஒரே நெட்வொர்க்' என்று எதை வைத்துச் சொல்வது?

முகவரியை வைத்து. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.25 போல ஓர் ஐபி முகவரி இருக்கும். சாதாரண வீட்டு அமைப்பில் முதல் மூன்று எண்களும் எல்லாக் கருவிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும் ஆளுக்கு ஒன்று. ஹாலில் இருக்கும் ஃபோன் 192.168.1.25, பின்னறை லேப்டாப் 192.168.0.12 என்று காட்டினால் அவை இரண்டு வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன.

இந்த முகவரிகளைக் கொடுக்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: வீட்டில் எத்தனை ரூட்டர் இருந்தாலும் முகவரி கொடுப்பது ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் அந்த வேலையை விட்டுவிட்டு, வைஃபை பரப்பும் வேலையையும் கேபிள் பிரிக்கும் வேலையையும் மட்டும் பார்க்க வேண்டும்.

சரி, எப்படிச் செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் பெரிய ரூட்டரைப் பற்றி, அதாவது இணைய லைன் வந்து சேரும் முதல் ரூட்டரைப் பற்றி, இரண்டு தகவல் தேவை. ஒன்று, அதன் முகவரி. இது ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. இன்னொன்று, அது எந்த எண்ணில் இருந்து எந்த எண் வரை முகவரி கொடுக்கிறது என்பது. ஃபோனில் பிரௌசரைத் திறந்து அந்த முகவரியைத் தட்டி உள்ளே போனால் டிஎச்சிபி பக்கத்தில் தெரியும். 100 முதல் 200 வரை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இப்போது பழைய ரூட்டரை எடுங்கள். பெரிய ரூட்டரோடு இன்னும் இணைக்க வேண்டாம். மின்சாரம் கொடுத்து, ஒரு லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் கேபிளால் மாட்டுங்கள். யாரிடமிருந்தோ வந்த ரூட்டர், பாஸ்வேர்டு தெரியாது என்றால், பின்னால் உள்ள சிறு துளைக்குள் ஊசியை விட்டு 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். புதிதாக வாங்கிய நிலைக்குத் திரும்பிவிடும். உள்ளே போனதும் முதலில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுவிடுங்கள். அப்புறம் லேன் பக்கத்துக்குப் போய் அதன் சொந்த முகவரியை மாற்றுங்கள். பெரிய ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். முதல் மூன்று எண்களும் ஒன்றுதான். கடைசி எண், பெரிய ரூட்டர் கொடுக்கும் 100 முதல் 200 என்ற வரம்புக்கு வெளியே இருக்கிறது. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றே இருக்கட்டும்.

சேமித்தவுடன் லேப்டாப் தொடர்பை இழந்ததுபோல் தெரியும். பலர் இந்த இடத்தில்தான் ரூட்டர் கெட்டுவிட்டது என்று பயந்து ரீசெட் செய்துவிடுகிறார்கள். கெடவில்லை, வீட்டு எண்ணை மாற்றிவிட்டது, அவ்வளவுதான். கேபிளைக் கழற்றி மாட்டி, புதிய முகவரியான 192.168.1.2-ஐ பிரௌசரில் தட்டினால் மீண்டும் உள்ளே போகலாம். போய், டிஎச்சிபி-யை அணைத்துச் சேமியுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஎச்சிபி-யை முதலில் அணைத்துவிட்டால், பாதியில் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லாமல் நீங்கள் வெளியே நிற்க நேரும்.

கடைசியாக, பெரிய ரூட்டரின் லேன் போர்ட்டில் இருந்து பழைய ரூட்டரின் லேன் போர்ட்டுக்குக் கேபிள் போடுங்கள். பழையதன் இன்டர்நெட் போர்ட் காலியாகவே இருக்க வேண்டும். முடிந்தது. பின்னறையில் ஃபோனை இணைத்து வைஃபை விவரத்தைத் திறந்து பாருங்கள்: முகவரி 192.168.1 என்று தொடங்கி, கேட்வே (வெளியே போகும் வழியின் முகவரி) 192.168.1.1 என்று காட்டினால் எல்லாம் ஒழுங்கு.

என் ரூட்டரில் 'அக்சஸ் பாயிண்ட் மோட்' என்று ஒன்று இருக்கிறதே?

இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன வேலைகளை அதுவே செய்துகொள்ளும். பெரும்பாலான மாடல்களில் அப்போது இன்டர்நெட் போர்ட்டிலும் கேபிளைச் சொருகலாம்.

ஃபோன் லைனில் இணையம் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் காலத்து மோடம் ஒன்று கிடக்கிறது. அதில் ஃபோன் லைன் போடும் ஓட்டைதான் இருக்கிறது, இன்டர்நெட் போர்ட்டே இல்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

இந்த முறைக்கு இன்டர்நெட் போர்ட்டே தேவை இல்லை என்பதால் அந்த மோடமும் வேலை செய்யும். டிஎச்சிபி-யை அணைக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் இரண்டு குறை உண்டு. அந்தக் காலத்து லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் போகாது. வைஃபையும் பழைய ரகம்; காகிதத்தில் 54 எம்பிபிஎஸ் என்று இருந்தால் கையில் கிடைப்பது அதில் பாதியோ அதற்கும் குறைவோ. பாட்டி வாட்ஸ்அப்பில் பேச, கேமரா ஒன்றை மாட்ட இது தாராளம். பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வீடியோ வகுப்பு பார்க்கும் அறையில் வைக்காதீர்கள்.

பாதுகாப்பையும் பாருங்கள். வைஃபை பாதுகாப்பில் டபிள்யூபிஏ2 என்ற தேர்வு இல்லாத ரூட்டர் என்றால் அதன் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிள் பிரிக்கும் ஸ்விட்ச்சாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ரூட்டரிலும் டிஎச்சிபி ஓடினால் என்னதான் ஆகும்?

உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் தொல்லை. காலையில் சரியாக இருக்கும். மத்தியானம் ஒருவர் ஃபோனில் மட்டும் இன்டர்நெட் போகும். அணைத்துப் போட்டால் வரும், சாயங்காலம் இன்னொருவருக்குப் போகும். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவியும் முகவரி கேட்கிறது. இரண்டு ரூட்டரில் எது முந்துகிறதோ அது கொடுக்கிறது. பழைய ரூட்டர் கொடுத்தால், கூடவே "வெளியே போக என்னிடம் வா" என்றும் சொல்லிவிடும். அதற்கோ வெளியே போகும் வழியே கிடையாது. ஃபோனில் வைஃபை முழுக் கோடுகளோடு நிற்கும், ஒரு பக்கமும் திறக்காது.

இப்படி ஆளுக்கு ஆள் மாறி மாறி நின்றுபோகிறது என்றால் லைனைக் குறை சொல்லும் முன் இதைச் சோதியுங்கள். நின்றுபோன ஃபோனின் வைஃபை விவரத்தில் கேட்வே என்ன என்று பாருங்கள். அங்கே பழைய ரூட்டரின் எண் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் கதை வேறு: யாருமே முகவரி கொடுக்கவில்லை, கருவி தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது. கேபிளைச் சோதிக்க வேண்டும்.

எந்தக் கேபிள் வாங்குவது? கடையில் பல விலையில் இருக்கிறது.

கேட் 5ஈ போதும், கேட் 6 இருந்தால் நல்லது. வீட்டுக்குத் தேவையான வேகத்தை இரண்டுமே தாங்கும். ஒரே நீளமாக 100 மீட்டர் வரை ஓடலாம். தாமான் வீட்டில் அந்த எல்லையைத் தொடும் வாய்ப்பே இல்லை.

விலையில் ஏமாறும் இடம் உள்ளே இருக்கும் உலோகம். மலிவான கேபிளில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியவை. பெட்டியில் சிசிஏ என்று சின்னதாக எழுதியிருக்கும். அது வளைத்தால் எளிதில் ஒடியும், தூரத்தில் பலவீனப்படும். நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளியாக மின்னும். முழுச் செம்பாக இருந்தால் சுரண்டின இடமும் செம்பு நிறமாகவே இருக்கும். ஒரு தடவை சீலிங்குக்கு மேல் இழுத்துவிட்டால் மறுபடி ஏறி மாற்ற யாருக்கும் மனம் வராது, அதனால் இந்த இடத்தில் காசைப் பார்க்காதீர்கள்.

நுனியில் பிளக்கை நீங்களே அடிப்பதாக இருந்தால் நிற வரிசை இது. பிளக்கின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து, இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. 100 எம்பிபிஎஸ் ஓட இதில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். 1 ஜிபிபிஎஸ் ஓட எட்டும் வேண்டும். ஆகவே 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் பின்னறையில் 90-க்கு மேல் ஏறவில்லை என்றால், நீலமோ பழுப்போ எங்கோ ஒன்று சரியாகத் தொடவில்லை என்று சந்தேகப்படலாம். பழைய ரூட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் ரகமாக இருந்தாலும் இதே எண்தான் வரும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது ரூட்டரை எங்கே வைப்பது நல்லது?

முதல் ரூட்டரின் சிக்னல் செத்துப்போகத் தொடங்கும் எல்லையில் வைக்காதீர்கள், மக்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். கேபிள் வழியாக வருவதால் முதல் ரூட்டரின் வைஃபை எட்டுகிறதா என்ற கவலை இதற்கு இல்லை.

நம் தாமான் வீடுகள் அகலம் குறைந்து நீளமாக ஓடுபவை. முன்னால் கிரில், அப்புறம் ஹால், அறைகள், பழைய பின்சுவர், அதற்கும் அப்பால் நீட்டிக் கட்டிய சமையலறை. நீட்டும்போது பழைய பின்சுவரை முழுதாக இடிப்பதில்லை, கதவளவு திறந்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்த அது தடித்த செங்கல் சுவர். அதன் மேல் ஃபிரிஜ்ஜைச் சாய்த்து வைத்திருப்போம். கூரைத் தகரமும், ஓட்டுக்கு அடியில் வெயிலுக்காக விரித்த அலுமினியத் தாளும் மேலே மூடிக்கொண்டிருக்கும். செங்கல் சிக்னலைக் குறைக்கும். உலோகம் திருப்பியே அனுப்பிவிடும். எனவே இரண்டாவது ரூட்டரை அந்தப் பழைய பின்சுவருக்கு அந்தப் பக்கம், தலை உயரத்துக்கு மேல், ஃபிரிஜ்ஜுக்கும் மைக்ரோவேவுக்கும் தள்ளி மாட்டுங்கள். மைக்ரோவேவ் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறும், ஏனென்றால் அதுவும் அதே அலைவரிசையில்தான் சமைக்கிறது. தாளிக்கும் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படாத இடமாகவும் பாருங்கள். காற்றுத் துளைகள் அடைத்துக்கொண்டால் ரூட்டர் சூடேறி நின்றுபோகும்.

அண்ணா, அம்மா வீடு எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான், நடுவில் ஒரு சந்து. கேபிளைக் கம்பத்தில் கட்டி இழுத்துவிடலாமா?

செம்புக் கேபிளை இரண்டு வீட்டுக்கு நடுவில் வெளியில் இழுக்கவே வேண்டாம், தம்பி. நம் நாடு உலகத்தில் மின்னல் மிக அதிகமாக விழும் பகுதிகளில் ஒன்று. பேராக் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் வரை வெயில் அடித்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு மழை கொட்டுவது வழக்கமாக நடப்பது. மின்னல் நேராகக் கேபிள் மேல் விழ வேண்டும் என்றே இல்லை. பக்கத்து மரத்தில் விழுந்தாலும் வெளியில் தொங்கும் நீண்ட செம்புக் கம்பியில் மின்னழுத்தம் எழும். அது இரண்டு முனையிலும் உள்ள ரூட்டர்களுக்குள் பாயும். அவற்றில் மாட்டியிருக்கும் டிவி, கணினி வரை போகலாம். இரண்டு வீட்டுக்கும் மின்சார எர்த் வெவ்வேறு என்பதால், மின்னல் விழும் நொடியில் இரண்டு தரைக்கும் நடுவே பெரும் வேறுபாடு உண்டாகி, இந்தக் கேபிளே அதற்குப் பாதையாகிவிடும். ரூட்டர் போனால் வாங்கலாம். அந்த நேரம் கணினியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

நல்ல வழி இரண்டு உண்டு. முதலாவது ஃபைபர். இரு முனையிலும் பிளக் அடித்துத் தயாராக விற்கும் ஃபைபர் கேபிளும், ஆளுக்கொன்றாக இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் வாங்குங்கள். மீடியா கன்வெர்ட்டர் என்பது ஃபைபரை லேன் போர்ட்டாக மாற்றும் சின்னப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனி மின்சாரம் வேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மின்னல் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இழை வழியாகத் தாண்டாது. வெளியில் இழுக்கும் ஃபைபரில் பெரும்பாலும் ஓர் இரும்புத் தாங்கு கம்பி ஒட்டியிருக்கும். அதைக் கூரை ஓரத்துக் கொக்கியோடு நிறுத்திப் பிரித்துவிட்டு, இழையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். சந்து பொதுவழி என்றால் நகராண்மைக் கழகத்திடமும், தோட்டத்து நிலம் என்றால் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இழுப்பது முறை. மின்சாரக் கம்பத்தில் கட்டுவது கூடவே கூடாது.

இரண்டாவது, கம்பியே இல்லாத வயர்லெஸ் பிரிட்ஜ். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் வெளிப்புற ஆண்டெனா இரண்டை வாங்கி, ஒன்றையொன்று பார்க்கும்படி இரு வீட்டின் கூரை ஓரத்திலும் மாட்டுவது. லயத்து வீடு எதிர்மேட்டில், நடுவில் சில நூறு மீட்டர் என்றால் இதுதான் வழி. இதற்கு நேர்ப்பார்வை வேண்டும். ஒரு முனையில் நின்றால் மறுமுனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தத் தூரத்தில் மழை பெரிதாகப் பாதிக்காது. நனைந்த செம்பனை மட்டை பாதிக்கும். நடுவில் இளம் செம்பனை நிரை இருந்தால், இன்று தலைக்குமேல் தெளிவாகத் தெரியும் பாதை சில வருடத்தில் மட்டைகளுக்குள் போய்விடும். மாட்டும் முன் மரத்தின் வயதைத் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டெனாவைக் கூரை உச்சியில் குழாய் நட்டு நிறுத்தாமல், கூரை விளிம்புக்குக் கீழே மாட்டுங்கள். சுற்றிலும் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்பதைத்தான் மின்னல் முதலில் தேடும். வீட்டுக்குள் இறங்கும் குட்டைக் கேபிளுக்கும் ஒரு சர்ஜ் பாதுகாப்பு (திடீரென எழும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) போடுவது நல்லது.

எந்த வழியில் போனாலும் அம்மா வீட்டு ரூட்டருக்கு மேலே சொன்ன அதே அமைப்புதான்: சொந்த முகவரி, டிஎச்சிபி அணைப்பு, லேன் போர்ட்.

ஒரு வீட்டு இணைப்பை இன்னொரு வீட்டுக்குப் பகிர்வதை உங்கள் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தாருக்கு மாதக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது தவறு.

மழை வரும்போது பிளக்கைப் பிடுங்கச் சொல்லி அப்பா சத்தம் போடுகிறார். ஃபைபர்தானே, தேவையா?

தேவை. வெளியில் இருந்து வரும் ஃபைபர் கண்ணாடிதான், ஆனால் ரூட்டரின் அடாப்டர் மின்சார வயரிங்கில்தானே சொருகியிருக்கிறது. அப்பா சொல்வதைக் கேளுங்கள். இடி கிட்டே வருவதற்கு முன்னாலேயே பிடுங்குங்கள், இடித்துக்கொண்டிருக்கும்போது போய்த் தொடாதீர்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்துக்குச் சர்ஜ் பாதுகாப்புள்ள நீட்டிப் பலகை உதவும்.

கேபிள் இழுக்கவே முடியாது, வாடகை வீடு. ரிப்பீட்டர் போட்டால் ஆகாதா?

ஆகும், வேகம் குறையும். முதல் ரூட்டரின் வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மெஷ் செட் (ஒன்றோடொன்று பேசி வைஃபை பரப்பும் பல பெட்டிகள்) வாங்கினால், அதுவும் பெட்டிகளுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ உள்ள ரகமாக இருந்தால், நிலைமை நல்லது. இவற்றை மட்டும் முதல் ரூட்டரின் சிக்னல் நன்றாக இருக்கும் நடுவிடத்தில் வைக்க வேண்டும்.

சுவருக்குள் ஓடும் மின்சார வயரிங் வழியாகவே நெட்வொர்க்கை அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் இருக்கிறது. ஒரே மீட்டருக்கு உட்பட்ட வீட்டுக்குள் ஓரளவு ஓடும். நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் போட வேண்டும். வயரிங் பழசாக இருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் ஃபைபர் இல்லை, சிம் போடும் மோடம்தான். அதோடும் இரண்டாவது ரூட்டரைச் சேர்க்கலாமா?

தாராளமாக. அதில் லேன் போர்ட் ஒன்று இருந்தால் போதும். சொல்லப்போனால் லயத்து வீடுகளுக்கு இது மிகவும் பொருந்தும்: சிம் மோடத்தை டவர் பக்கம் பார்த்த ஜன்னலில் வைத்து, கேபிளை உள்ளே இழுத்து, இரண்டாவது ரூட்டரை ஆள் இருக்கும் அறையில் வைத்துவிடலாம். 3ஜி-க்கு மட்டும் ஆன பழைய டாங்கிள் எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது.

வைஃபை பெயரை இரண்டிலும் ஒன்றாக வைப்பதா, வேறாக வைப்பதா?

ஒன்றாக வையுங்கள், பாஸ்வேர்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கட்டும். சேனலை மட்டும் மாற்றுங்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11. இவை மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை.

எந்த ரூட்டரைப் பிடிப்பது என்பதை முடிவு செய்வது ஃபோன். சில ஃபோன்கள் ஹாலில் பிடித்ததைச் சமையலறை வரை விடாமல் இழுத்துக்கொண்டே வரும். அப்படி நடந்தால் முதல் ரூட்டரின் ஒலிபரப்பு வலுவை ஒரு படி குறைத்துப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் பெயரை வேறாக வைத்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நெட்வொர்க் அப்போதும் ஒன்றுதான்.

நிறுவனம் கொடுத்த ரூட்டர் சரியில்லை. அதைக் கழற்றிவிட்டு நான் வாங்கியதையே முதல் ரூட்டராக வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வெறுமனே மாற்றிச் சொருகினால் ஓடாது. யூனிஃபை ஃபைபர் இணைப்பில் ஒரே கேபிளில் வரும் சேவைகளை விலேன் என்ற எண்ணால் பிரிக்கிறார்கள்: இணையம் விலேன் 500 என்ற எண்ணில் வருகிறது, டிவி பெட்டிக்கு 600. வாங்கும் ரூட்டரில் விலேன் எண் போடும் வசதி இருக்க வேண்டும். கணக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்க வேண்டும். வீட்டு ஃபோன் பழைய ரூட்டரில் சொருகியிருந்தால் அது நின்றுபோகலாம். இவ்வளவு தலைவலி எதற்கு? கொடுத்த ரூட்டரை முகவரி கொடுக்க விட்டு, அதன் வைஃபையை அணைத்துவிட்டு, நீங்கள் வாங்கிய நல்ல ரூட்டரை அக்சஸ் பாயிண்டாக வையுங்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

இரண்டு வீட்டிலும் தனித்தனி லைன் இருக்கிறது. இணைத்தால் வேகம் இரட்டிப்பாகுமா?

ஆகாது. இரண்டு லைனை ஏற்கும் ரூட்டர் கடையில் உண்டு. அதுகூட ஒருவரை இந்த லைனிலும் அடுத்தவரை அந்த லைனிலும் அனுப்புமே தவிர, ஒரே டவுன்லோடை இரட்டை வேகமாக்காது. ஒரு லைன் படுத்துவிட்டால் மற்றது கை கொடுக்கும் என்பதே அதன் பயன். அப்படியொரு ரூட்டர் இல்லாமல் இரண்டு வீட்டு ரூட்டரையும் நேராகக் கேபிளால் சேர்த்தால், முகவரி கொடுக்கும் ஆள் இரண்டாகி மேலே சொன்ன குழப்பம் வந்துவிடும்.

இரண்டு ரூட்டருக்கும் நடுவே இரண்டு கேபிள் போட்டால்?

கூடாது. தகவல் ஒரு கேபிளில் போய் மற்றதில் திரும்பி, ஓயாமல் சுற்ற ஆரம்பிக்கும். சில விநாடிகளில் வீட்டு நெட்வொர்க் முழுவதும் உறைந்துவிடும், லேன் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்ததுபோல் மின்னும். ஒன்றைப் பிடுங்கினால் சரியாகிவிடும்.

எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை பழைய ரூட்டரின் ரீசெட்டை அழுத்திவிட்டான். இப்போது வீடு முழுவதும் இன்டர்நெட் விட்டு விட்டு வருகிறது.

முதலில் இரண்டு ரூட்டருக்கும் நடுவில் உள்ள கேபிளைப் பிடுங்குங்கள். ஹாலில் உடனே சரியாகிவிடும். ரீசெட் ஆனதால் பழைய ரூட்டரின் டிஎச்சிபி திரும்பவும் ஓட ஆரம்பித்திருக்கிறது. அதன் முகவரியும் பெரிய ரூட்டரின் அதே 192.168.1.1 ஆகிவிட்டிருந்தால் இரண்டும் ஒரே எண்ணுக்குப் போட்டி போடும். லேப்டாப்பை மாட்டி, முகவரியை மாற்றி, டிஎச்சிபி-யை அணைத்து, வைஃபை பெயரைப் போட்ட பிறகு மட்டும் கேபிளைத் திருப்பிச் சொருகுங்கள். பிரச்சினை ஹாலில் தொடர்ந்தால் ஃபோனின் வைஃபையை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். தவறான முகவரியை அது இன்னும் வைத்துக்கொண்டிருக்கும். பழைய ரூட்டரின் தலையில் "192.168.1.2, டிஎச்சிபி அணைப்பு, லேன் போர்ட் மட்டும்" என்று மார்க்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஈப்போவில் வேலையில் இருக்கும்போது வீட்டில் யாராவது ஃபோன் போட்டுக் கேட்டால், அதைப் படித்துச் செய்துகொள்வார்கள்.